சுவரும் ஓர் ஏடே

வீட்டுச் சுவர் மங்கினால் வெள்ளையடிக்கின்றோம். ஒரே நிறமுடைய சுவராயின் அதில் ஆராய வேண்டுவது அதிகமில்லை. பழைய நிறத்தின் மீது புதிய நிறம் ஏறும், வீடு பொலிவு பெறும், அவ்வளவே. பல வண்ணங்கள் தீட்டப்பெற்ற உட்சுவரொன்றைப் புதுப்பிக்க முற்படும்போது நிலைமை வேறாகின்றது. எதனை வைப்பது, எதனை மறைப்பது, மறைத்தது பின்னொரு காலத்தில் மீளுமா என்ற வினாக்கள் எழுகின்றன. அவ்வண்ணங்கள் ஓவியங்களாகவும், அச்சுவர் பழங்கோயில் ஒன்றின் சுவராகவும் இருந்துவிட்டால், தூரிகை எடுப்பவன் பழைய ஏடொன்றின் முன்னே எழுத்தாணியோடு நிற்பவனுக்கு ஒப்பாவான்.

ஏட்டுச் சுவடியின் அருமையைத் தமிழுலகம் அறியும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்களும், உ. வே. சாமிநாதையர் (1855–1942) அவர்களும் செல்லுக்கும் கறையானுக்கும் இரையாகிக் கொண்டிருந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றியிராவிடின், சங்கத் தமிழின் பெரும்பகுதி இன்று பெயரளவில் நின்றிருக்கும். அப்பெரியோரைப் போற்றும் நாம், சுவரையும் ஏடெனக் கருதும் பழக்கத்தை இன்னும் கைக்கொண்டோமில்லை. ஏட்டுக்கேனும் பிரதிகள் உண்டு. ஓரூரில் அழிந்தது வேறோர் ஊரில் அகப்படலாம். சுவரோவியத்திற்குப் பிரதி இல்லை. அந்தச் சுவர் ஒன்றே அதன் மூலமும் முடிவும் ஆகும்.

இவ்வுண்மையை விளக்கத் தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுவரினும் சிறந்த சான்று தமிழ்நிலத்தில் வேறில்லை எனலாம்.

கருவறையைச் சூழ்ந்த இருள்வழி

முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த அக்கோயில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. ஈழத்தவராகிய நமக்கும் அதனோடு ஓர் உறவுண்டு. ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயை அக்கோயிலுக்கு அரசன் விட்டமை அங்குள்ள கல்வெட்டினாலேயே தெரிகின்றது. நம் மண்ணின் விளைவிலும் ஒரு பங்கு அந்தச் சுவர்களுக்குள் சென்று சேர்ந்தது என்பது கற்பனையன்று.

அதன் விமானத்தைக் கண்டு வியவாதார் இல்லை. ஆயினும், கருவறையைத் தாங்கும் சுவர் ஒன்றன்று, இரண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே கருவறையைச் சுற்றி ஒடுங்கிய வழியொன்று செல்கின்றது. வெயிலும் மழையும் புகாத அவ்விருள்வழியின் சுவர்களிலேதான் ஓவியங்கள் உள்ளன.

பல காலமாக அங்கே கண்ணுக்குத் தெரிந்தவை நாயக்கர் கால ஓவியங்களே. தஞ்சையில் நாயக்கராட்சி 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி 1673 வரை நிலவியது. அக்காலத்தார் தம் கைத்திறத்திற்கு ஏற்பச் சுவர்களுக்குப் புதுச் சாந்து பூசி, புது வண்ணம் தீட்டிச் சென்றனர். அதுவே அக்கோயிலின் ஓவியம் என்று அறிஞரும் எண்ணியிருந்தனர்.

1931இல் உதிர்ந்த சாந்து

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த எஸ். கே. கோவிந்தசாமி என்பார் 1931ஆம் ஆண்டில் அவ்விருள்வழியினுள் விளக்கேந்திச் சென்றார். மேற்பூச்சு ஆங்காங்கே வெடித்து உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடங்களினூடே, மேலேயுள்ள ஓவியத்தோடு சிறிதும் பொருந்தாத வேறு கோடுகளும் வேறு நிறங்களும் புலப்பட்டன. சுவரின் மேல் ஒரு சுவர் இருந்தமை அப்போதுதான் வெளிப்பட்டது. நாயக்கர் பூச்சின் கீழே, கோயிலெடுத்த காலத்துச் சோழர் ஓவியம் ஏறத்தாழ அறுநூறாண்டு முதிர்ச்சியுடன் மறைந்து கிடந்ததையும், அதன்பின் மேலும் மூன்று நூற்றாண்டு யாரும் காணாது உறங்கியதையும் உலகம் அறிந்தது.

தமிழகத்துச் சோழர் கலையெனின் செப்புத் திருமேனியும் கற்சிற்பமுமே என்றிருந்த கருத்து அன்றோடு மாறிற்று. சோழர் காலத்து ஓவியன் எங்ஙனம் விழி எழுதினான், எங்ஙனம் விரல் வளைத்தான் என்பதற்கு முதன்முறையாகப் பெருஞ்சான்று கிடைத்தது.

வண்ணம் கல்லாகும் விதம்

ஓராயிரம் ஆண்டு அந்நிறங்கள் நின்றதற்குக் காரணம் யாது? சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையின் இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் 1930களில் இதனை ஆராய்ந்தார். சோழர் ஓவியம் ஈரச் சுதையின் மேல் எழுதப்பட்டது என்பது அவர் கண்ட முடிவு.

இம்முறையை மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நீற்றிய சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு ஆகும். அதனோடு மணல் சேர்த்துச் சுவரில் பூசி, ஈரம் உலருமுன்னர் நீரிற் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், வண்ணத் துகள்கள் மேற்பரப்பில் ஊறி நிற்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்ல மெல்லக் கல்சியம் காபனேற்றாக மாறும். அஃதாவது, மீண்டும் சுண்ணக்கல்லாக உறையும். அவ்வாறு உறையும்போது வண்ணத்தையும் தன்னுள்ளே சிறைப்படுத்திக்கொள்ளும். பசையோ எண்ணெயோ வேண்டா. சுவரே பசையாகின்றது.

இதில் ஓவியனுக்குள்ள இடர்ப்பாடு பெரிது. சுதை உலருமுன் எழுதி முடித்தல் வேண்டும். பிழைத்த கோட்டை அழித்து எழுத இயலாது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்களே பயன்படும். இலைச்சாற்றினாலும் பூச்சாற்றினாலும் ஆகிய மென்னிறங்கள் வெளுத்துவிடும். ஆதலின் செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண், கரி, சுண்ணாம்பின் வெண்மை, நீலக்கற்பொடி முதலிய சிலவற்றைக் கொண்டே சோழ ஓவியன் தன் உலகம் முழுவதையும் படைத்தான். நாயக்கர் கால ஓவியமோ உலர்ந்த சுதையின் மேல் தீட்டப்பட்டது. வேகமாகவும் விரிவாகவும் எழுத அம்முறை இடந்தரும். சுவரோடு ஒன்றும் வலிமை அதற்குக் குறைவு.

சேக்கிழாருக்கு முந்திய சாட்சி

மறைந்திருந்த சுவரில் எழுதப்பட்டிருந்தது என்ன? தில்லைக் கூத்தனை வழிபடும் அரசனும் தேவியரும் ஒரு பகுதியில் உள்ளனர். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட பெருமான் பிறிதொரு பகுதியில் பெருவடிவில் நிற்கின்றார். எதிரே பொரும் அசுரரைப் பற்றிக்கொண்டு அவர்தம் பெண்டிர் கலங்குகின்றனர். கயிலையில் இறைவன் அமர்ந்திருக்க ஆடல் நிகழ்கின்றது.

இவற்றுள் இலக்கிய மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது சுந்தரர் வரலாறாகும். திருமணப் பந்தரில் முதிய வேதியர் ஒருவர் ஓலையோடு வந்து, மணமகன் தமக்கு வழியடிமை என வழக்குத் தொடுத்த கதை தமிழ்ப்பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. அம்முதியவரை, கையில் ஓலையும் குடையுமாக, சோழ ஓவியன் எழுதியிருக்கின்றான். ஓலையை ஆராயும் அவையோரின் முகங்களில் ஐயமும் வியப்பும் தோன்றுகின்றன. அவ்வரலாற்றின் முடிவாக, சுந்தரர் வெள்ளையானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்கு விரைகின்றனர்.

இவ்வோவியம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியதோ இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில். எனவே, பெரியபுராணம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, ஓலை காட்டி ஆட்கொண்ட கதையும் வெள்ளையானைச் செலவும் ஓவியனொருவன் விரித்தெழுதும் அளவிற்கு மக்களிடையே நிலைபெற்றிருந்தன என்பதற்கு அச்சுவர் சான்று பகர்கின்றது. சேக்கிழாருக்கு முன்பே தேவாரமும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் அடியார் வரலாற்றைச் சுட்டின. எனினும், காட்சி காட்சியாக விரிந்த வடிவில் நம் கைக்கு எட்டும் முற்பட்ட பெருஞ்சான்று இச்சுவரே. இலக்கிய வரலாற்றுக்கு இத்துணைப் பயன்படும் ஏடு, மற்றொரு வண்ணப் பூச்சின் கீழே யாரும் வாசிக்காமற் கிடந்தது.

மூடியவரைப் பழிக்கலாமா?

இதனைக் கேட்டவுடன் நாயக்கரைக் குறைகூறத் தோன்றும். இத்தகைய ஓவியத்தை மறைக்க எவ்வாறு மனம் வந்தது என்று சினம் எழலாம். சற்று நிதானித்து நோக்குதல் நன்று. கோயில் அவர்களுக்குக் காட்சிச்சாலையன்று. நாள்தோறும் வழிபாடு நிகழும் இடம். விளக்குப் புகையேறி மங்கிய சுவரைப் புதுக்குவது திருப்பணி. அதனைச் செய்யாது விடுவதே அவர் கருத்தில் குற்றமாயிருந்திருக்கும். மேலும், அவர்கள் பழைய ஓவியத்தைச் சுரண்டி எறிந்தாரல்லர். அதன் மேலே சுதை பூசினர். அப்பூச்சே பிற்காலத்துப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கைபடுதலும் சோழர் ஓவியத்தை அணுகாவண்ணம் தடுத்தது.

உரோமாபுரியில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். அங்குள்ள சிஸ்டைன் ஆலயத்தில் பலிபீடத்தின் பின்சுவரில் பெருஜினோ என்னும் ஓவியர் 1480களின் தொடக்கத்தில் எழுதியிருந்தார். அதே சுவரில் மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை இறுதித் தீர்ப்பு ஓவியத்தைத் தீட்டினார். பெருஜினோவின் ஓவியம் அடியோடு அழிந்தது. இன்று அதன் அமைப்பை ஒரு வரைபடப் பிரதியைக் கொண்டே அறிகின்றோம். பெருங்கலைஞன் ஒருவனே முந்திய கலைஞனின் ஏட்டை அழித்துத் தன் ஏட்டை எழுதினான். தஞ்சையிலோ மூடப்பட்டது பிழைத்தது.

மைக்கலாஞ்சலோவின் ஓவியமும் தப்பவில்லை. ஆடையற்ற உருவங்கள் தகாதவை என்று கருதிய திருச்சபையார், 1565இல் டானியேலே த வொல்தெரா என்னும் ஓவியரைக் கொண்டு அவற்றுக்கு ஆடை தீட்டுவித்தனர். பின்வந்தோர் மேலும் பல ஆடைகளைச் சேர்த்தனர். 1990 முதல் 1994 வரை அச்சுவர் தூய்மை செய்யப்பட்டபோது, இவற்றை என் செய்வது என்ற வினா எழுந்தது. பிற்காலத்தார் சேர்த்தவற்றுட் பல நீக்கப்பட்டன. டானியேலே தீட்டியவை அக்காலத்து எண்ணத்தின் சான்றாக விடப்பட்டன. பழையதை மீட்கும் ஆர்வத்தில் இடைக்காலத்தின் சுவட்டை முற்றாக அழித்துவிடலாகாது என்பது அம்முடிவின் கருத்து.

1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் இந்நெறியையே வற்புறுத்துகின்றது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தாரும் செய்த தகுதியான பணிகள் மதிக்கப்படல் வேண்டும். மேற்படையை நீக்கிக் கீழ்ப்படையைக் காட்டுவது, நீக்கப்படுவது சிறுமதிப்பினதாகவும் வெளிப்படுவது பெருமதிப்பினதாகவும் உள்ள அருமையான நிலைகளிலேயே பொருந்தும் என்பது அதன் சாரம்.

இரண்டையும் காத்த வழி

இந்நெறியைத் தஞ்சைச் சுவரில் எவ்வாறு கைக்கொள்வது? மேலேயுள்ள நாயக்கர் ஓவியமும் சிறுமதிப்பினதன்று. அதைச் சுரண்டினால் ஒரு காலம் அழியும். விட்டுவைத்தால் மற்றொரு காலம் மறைந்தே கிடக்கும். இந்தியத் தொல்லியல் துறையினர் இதற்குக் கண்ட வழி பாராட்டத்தக்கது. மேற்படையைச் சிதையாமல் சுவரிலிருந்து பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். இவ்வாறு 16 நாயக்கர் ஓவியங்கள் தனியே காக்கப்பட்டன. அவை இருந்த இடத்தில் சோழர் ஓவியம் மறுபடியும் வெளிச்சம் கண்டது.

இது சொல்லும்போது எளிது. மேலோவியத்தின் முகத்தில் துணியை ஒட்டிப் பிடிப்புண்டாக்கி, பின்புறத்துச் சுதையைச் சிறிது சிறிதாக விடுவித்து, மேலேயுள்ளதும் கீழேயுள்ளதும் ஊறுபடாமல் உரித்தெடுத்தல் வேண்டும். சிறுபரப்பொன்றுக்கும் பெருங்காலம் செல்லும். புதுச்சாந்து நன்கு பற்றுவதற்காகப் பழஞ்சுவரைக் கொத்திவிடுவது கொத்தர் வழக்கமாதலால், இத்தகைய சுவர்களின் கீழ்ப்படையில் வடுக்களும் காணப்படுவதுண்டு. அவற்றை நிரப்பும்போது, இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமே எழுதிச் சேர்க்காது, நிறத்தால் மட்டும் அமைதிப்படுத்தி விடுவதே பாதுகாப்பாளர் கடைப்பிடிக்கும் முறை. ஏடு பதிப்பிப்போர் சிதைந்த அடிகளில் புள்ளியிட்டு விடுவதைப் போன்றது இது.

மறுவண்ணமே மூலமான இடம்

எல்லாச் சுவரிலும் அடியிலிருப்பதே உயர்ந்தது என்றும் கொள்ளலாகாது. நம் நாட்டுத் தம்புள்ளைக் குகைகளை எடுத்துக்கொள்வோம். ஐந்து குகைகளில் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள் விரிந்துள்ளன. குகையின் தொன்மை கிறித்துவுக்கு முற்பட்டது. இன்று நாம் அங்கே காணும் வண்ணங்களுட் பெரும்பாலானவையோ 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்துப் புதுக்கலோடு சேர்ந்தவை. முந்திய காலத்து ஓவியங்களின் மேலும் அவற்றை அடியொற்றியும் கண்டி மரபினர் எழுதினர். அவ்வரசன் மதுரைத் தொடர்புடைய கண்டி நாயக்கர் வழியினன் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கே மறுவண்ணமே கலைச்செல்வமாயிற்று. அதனை உரித்துப் பழையதைத் தேடுவோம் என எவரேனும் புறப்பட்டால், தெரிந்த செல்வத்தை இழந்து தெரியாததைத் தேடுவதாய் முடியும்.

ஆகவே, சுவரோவியத்தைப் புதுக்குவதற்கு ஒரே விதி எல்லா இடத்துக்கும் ஏற்காது. எந்தப் படை எந்தக் காலத்தது, எது எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறிந்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

நமது கோயிற் சுவர்கள்

இனி நம் அயலை நோக்குவோம். பன்னீராண்டுக்கொரு முறை கும்பாபிஷேகம் செய்வது நம் கோயில்களில் நிலவும் வழக்கம். பாலஸ்தாபனம் முடிந்ததும் சுவருக்கு வண்ணம் அடிக்கும் வேலை விரைந்து தொடங்கும். நாள் குறித்தாயிற்று, உபயகாரர் பணம் தந்தாயிற்று, மேசன்மாரும் வந்தாயிற்று. உள்வீதிச் சுவரில் முன்னோர் எழுதுவித்த நாயன்மார் வரலாறோ, தலபுராணக் காட்சியோ மங்கிக் கிடந்தால், அதன் மேல் வெள்ளை ஏறும். அல்லது பளபளக்கும் எனாமலில் அதே காட்சி வேறு முகங்களோடு மீண்டும் தோன்றும். போரினாற் சிதைந்து பின்னர் எடுப்பிக்கப்பட்ட கோயில்களும் பல. எஞ்சிய பழஞ்சுவர்களின் அருமை இதனால் மேலும் கூடுகின்றது.

புதுக்கவே கூடாதென்று நாம் கூறவில்லை. வழிபாடு நிகழும் இடம் பாழடைந்து நிற்றல் முறையன்று. ஆயினும், நாயக்கர் காலத்து மேற்பூச்சுக்கும் இன்றைய மேற்பூச்சுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அன்று பூசியது சுண்ணாம்பு. அதன் நுண்துளைகளூடே சுவரின் ஈரம் வெளியேறும். வேண்டின் அதனைப் பின்னொருகால் பிரித்தெடுக்கவும் இயலும். இன்றைய எனாமலும் பிளாஸ்ரிக் கலந்த வண்ணமும் பழஞ்சுவரின் மேல் ஒரு தோல்போற் படர்ந்து ஈரத்தை உள்ளே அடைக்கின்றன. அடைபட்ட ஈரம் உப்புக்களைக் கரைத்துக் கொணர்ந்து பூச்சின் பின்னே படியவிடும். சில ஆண்டுகளிற் புதுவண்ணம் கொப்புளித்து உரியும். உரியும்போது தன்னோடு பற்றிய பழைய ஓவியத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். இவ்வாறு மறைந்தது மீண்டும் வெளிப்படுமென்று நம்ப இடமில்லை. கம்பித் தூரிகை, உப்புத்தாள், நீர்ப்பாய்ச்சல் என்பவற்றாற் சுவரைத் தேய்த்துவிட்டுப் பூசுவதோ அதனினும் கொடிது.

பரிபாலன சபையார் செய்யத்தக்கவை சிலவே. அவற்றுக்குப் பெரும் பொருளும் வேண்டா. வேலை தொடங்குமுன் சுவர் முழுவதையும் அளவுகோல் வைத்து ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். எக்காட்சி எப்பக்கத்தில் உள்ளது, அதன் கீழ் எழுதிய பெயர் யாது, உபயம் யாருடையது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். சுவர் ஓரங்களில் பூச்சு உரிந்த இடங்களை உற்றுநோக்கி, கீழே வேறு நிறமோ கோடோ உண்டாயின், தொல்லியல் திணைக்களத்தாருக்கோ பல்கலைக்கழகத்தாருக்கோ அறிவித்து, பயின்றவர் வரும்வரை அவ்விடத்தைத் தொடாது விடுதல் வேண்டும். மூடியே தீரவேண்டுமெனின், சுண்ணாம்பினால் மூடுவது நன்று. புதிய ஓவியம் வேண்டுமெனின், அதனை வேறொரு சுவரில் எழுதலாம்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெரும்பங்கு உண்டு. வரலாற்றுப் பாடத்தில் தஞ்சையையும் தம்புள்ளையையும் படிக்கும் மாணவன், தன்னூர்க் கோயிலின் உட்சுவரை ஒருமுறையேனும் நின்று பார்த்ததுண்டா? கைத்தொலைபேசி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் இருந்தால், ஒரு வகுப்பு மாணவர் ஒரு விடுமுறைக்குள் தம்மூர்ச் சுவர்களைப் பதிவு செய்துவிடலாம். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நாட் பார்க்குமுன் இது நடந்தாக வேண்டும். பாலஸ்தாபனம் நடந்து மேசன் சாரம் கட்டிய பின்பு அதற்கு நேரமிராது.